தேய்மானம் என்ற சொல்லும் என் வலது காலும்

சேலம் கோரிமேட்டில் ஏற்காடு பஸ் வந்து நின்றால், தரையிலிருந்து அதன் முதல் படி ஏறக்குறைய என் முழங்கால் உயரம் இருக்கும். 11 வருடங்களாக யோசிக்காமல் ஏறிக்கொண்டிருந்த படி. 2017 டிசம்பரில் ஒரு காலை, வழக்கம்போல வலது காலைத் தூக்கி வைத்தேன். உடம்பு மேலே வரவில்லை. தொடை இடுக்கில், கவட்டிக்கு உள்ளே எங்கோ ஆழத்தில், ஒரு பிடிப்பு. பின்னால் நின்ற அம்மா ஒருவர் முதுகில் கைகொடுத்து ஏற்றிவிட்டார். "பார்த்துங்க டீச்சர்" என்றார் நடத்துனர். அன்று 20 கொண்டை ஊசி வளைவிலும், பஸ் திரும்பும்போதெல்லாம் காலை ஊன்றிச் சமாளிக்க முடியாமல் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன்.

அப்போது எனக்கு வயது 46. ஏற்காட்டைத் தாண்டி ஒரு மலைக்கிராமத்து நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வீடு கோரிமேடு. தினமும் மலை ஏறி இறங்குகிறவள், நடக்க அஞ்சாதவள், காப்பித் தோட்டத்துச் சரிவில் பிள்ளைகளைச் செடி பார்க்கக் கூட்டிப் போகிறவள். அப்படிப்பட்டவளுக்கு இடுப்பு மூட்டுத் தேய்மானம் என்று பெயர் வைக்கவே ஐந்து மாதம் ஆனது. அதன் பிறகு நான் செய்த தவறுகளைச் சொன்னால் யாராவது ஒருவருக்குச் சில மாதங்கள் மிச்சமாகும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தாமதம் ஒரு சொல்லால் வந்தது. டாக்டரிடம் போய் "இடுப்பு வலி" என்றேன். நாம் முதுகின் அடிப்பகுதியையும் இடுப்பு என்கிறோம், சேலை செருகுகிற இடத்தையும் இடுப்பு என்கிறோம், குழந்தையைத் தூக்கி வைக்கிற இடமும் இடுப்புதான். அவர் முதுகெலும்புக்கு எக்ஸ்ரே எடுத்தார், பெல்ட் கொடுத்தார். இரண்டு மாதம் பெல்ட் போட்டேன். தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் குழிக்குள் உட்காரும் அந்த மூட்டு, நாம் கை வைத்து இடுப்பு என்று காட்டும் இடத்தைவிடக் கீழே, இன்னும் முன்பக்கமாக இருக்கிறது. அதன் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் தெரியும், முன் தொடையில் இறங்கும், சிலருக்கு முழங்காலில் மட்டுமே தெரியும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் கொட்டாங்குச்சியில் ரப்பர் பந்தை வைத்துச் சுழற்றி, "இதுதான் பந்துக் கிண்ண மூட்டு" என்று காட்டுகிறவள் நான். என் உடம்பில் அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

திரும்பிப் பார்த்தால் அறிகுறிகள் முன்பே இருந்திருக்கின்றன. வலது கால் நகம் வெட்டக் குனிய முடியவில்லை. மெட்டியைச் சரிசெய்யக் கால் மேல் கால் போட வரவில்லை. சம்மணம் போட்டால் இடது முட்டி தரையைத் தொடும், வலது முட்டி அந்தரத்தில் நிற்கும். ஸ்கூட்டரில் வீட்டுக்காரருக்குப் பின்னால் ஏறும்போது கால் போதுமான அளவு விரியவில்லை. காலையில் எழுந்ததும் முதல் பத்து நிமிடம் கால் மரக்கட்டை மாதிரி. அப்புறம் தானாக இளகும். நாற்பதைத் தாண்டிய யாருக்காவது இவை ஒன்றுக்கு மேல் இருந்தால், டாக்டரிடம் இடுப்பு வலி என்று சொல்லாதீர்கள். விரலை வைத்து இடத்தைக் காட்டுங்கள். "குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை", "கார் கதவைத் திறந்து காலை உள்ளே வைக்க முடியவில்லை" என்று வேலையைச் சொல்லிச் சொல்லுங்கள்.

மூன்றாவதாகப் பார்த்த எலும்பு மருத்துவர் அப்படித்தான் காட்டச் சொன்னார். என் கை தானாக, கட்டைவிரல் பின்பக்கம், மற்ற விரல்கள் தொடை இடுக்கில் என்று, கிண்ணத்தைப் பிடிப்பது போல இடுப்பின் பக்கவாட்டைப் பிடித்தது. படுக்க வைத்து, முட்டியை மடக்கி, பாதத்தை வெளிப்பக்கம் தள்ளித் தொடையை உள்ளே திருப்பினார். கத்திவிட்டேன். எக்ஸ்ரேயில் இடது பக்கம் எலும்புக்கும் குழிக்கும் நடுவே கருப்புக் கோடாகத் தெரிந்த இடைவெளி, வலது பக்கம் பாதிகூட இல்லை. "ஜவ்வு தேஞ்சு போச்சுங்க. தேய்மானம். மாடி ஏறாதீங்க, கீழே உட்காராதீங்க, பார்த்து நடங்க." மூன்று நிமிடத்தில் முடிந்தது. எனக்கு வேறு கேள்வியும் தோன்றவில்லை.

தேய்மானம் என்ற சொல்லை நாம் எதற்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று பாருங்கள். செருப்பு தேயும். அம்மி தேயும். வண்டி டயர் தேயும். இவை எல்லாமே பயன்படுத்தப் பயன்படுத்தக் குறைகிறவை. பத்திரமாக எடுத்து வைத்தால் அதிக நாள் வருகிறவை. நானும் என் மூட்டை எடுத்து வைத்தேன். எட்டு மாதம் அப்படி இருந்தேன். பள்ளியில் நாற்காலியை விட்டு எழுவதைக் குறைத்தேன், பிள்ளைகளே சாக்பீஸும் நோட்டும் கொண்டுவந்து தந்தார்கள். காப்பித் தோட்டத்துப் பக்கம் போவதை நிறுத்தினேன். வீட்டில் அத்தை, பாவம், 70 வயதில் எனக்குத் தட்டில் சோறு கொண்டுவந்து வைத்தார். கடைக்கு மகள் போனாள். எடை 68-இலிருந்து 74 கிலோ ஆனது. வலி குறையவில்லை. மாறாக, படுக்கையில் புரளும்போதும் வலிக்கத் தொடங்கியது. ஒருநாள் தையல் டேப்பால் அளந்தேன். வலது தொடை இடதைவிட ஒன்றரை அங்குலம் மெலிந்திருந்தது. நடக்கும்போது உடம்பு வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்து போவதை ஜன்னல் கண்ணாடியில் பார்த்த அன்று அழுதுவிட்டேன்.

அந்த எட்டு மாதம் என் காலுக்குச் செய்த கேட்டை மூட்டு நோய் செய்திருக்காது என்று இன்று நம்புகிறேன்.

இதை எனக்குப் புரியவைத்தவர் ஓர் இளம் பெண் இயன்முறை மருத்துவர், பேச்சு வழக்கில் பிசியோ. என் மகளைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். "டீச்சர், ஓய்வு கொடுத்தது போதுங்க" என்றுதான் ஆரம்பித்தார். எனக்குக் கோபம் வந்தது. எக்ஸ்ரேயை எடுத்துக் காட்டினேன். அவர் அதை ஓரமாக வைத்துவிட்டு விளக்கினார். மூட்டின் குருத்தெலும்புக்கு, டாக்டர் ஜவ்வு என்றாரே அதற்கு, ரத்தக் குழாய் கிடையாது. அதற்குச் சாப்பாடு மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவத்திலிருந்துதான். காலை ஊன்றும்போது பஞ்சைப் பிழிவது போலக் குருத்தெலும்பு அழுந்தும், காலைத் தூக்கும்போது திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும். அசைவே இல்லாவிட்டால் அந்த உறிஞ்சலும் இல்லை. செருப்புக்கு இப்படி ஒரு வேலை கிடையாது. இரண்டாவது, வலியின் அளவும் எக்ஸ்ரேயின் நிலையும் ஒன்றாகப் போக வேண்டியதில்லை. படம் மோசமாக இருந்தும் நன்றாக நடப்பவர்கள் இருக்கிறார்கள், படம் சுமாராக இருந்தும் முடங்கியவர்கள் இருக்கிறார்கள். நடுவில் இருக்கும் வித்தியாசத்தில் தசைக்குப் பெரிய பங்கு உண்டு.

தசை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கைத்தடி முதல் பஸ் படி வரை எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது. நடக்கும்போது ஒவ்வொரு எட்டிலும் ஒரு கணம் நாம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். அப்போது தொடை எலும்பின் தலை தராசின் நடு முள் மாதிரி. அதற்கு உள்பக்கம் உடம்பின் எடை தொங்குகிறது. வெளிப்பக்கம், பக்கவாட்டுப் புட்டத்தில் இருக்கும் தசை அதைச் சாயவிடாமல் இழுத்துப் பிடிக்கிறது. தராசில் எடைப் பக்கத்துக் கை நீளம், தசைப் பக்கத்துக் கை குட்டை. அதனால் தசை, எடையைவிட அதிக பலத்தோடு இழுத்தாக வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து மூட்டின் தலையில் இறங்குகின்றன. சமதளத்தில் சாதாரணமாக நடக்கும்போதே உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பளு மூட்டில் விழுவது இதனால்தான். அந்தத் தசை மெலிந்தால் உடம்பு சாய்ந்து நடக்கும். நான் கண்ணாடியில் பார்த்தது அதைத்தான்.

அவர் கொடுத்த பயிற்சிகள் பார்க்கச் சாதாரணமானவை. கட்டிலில் மல்லாந்து படுத்து, முட்டிகளை மடக்கி, இடுப்பைப் பாலம் போலத் தூக்குவது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வலது காலை நேராக, கால்விரல் முன்னால் பார்த்தபடி, மெதுவாக மேலே தூக்கி மெதுவாக இறக்குவது. விரல் கூரையைப் பார்த்துத் திரும்பினால் வேறு தசை வேலை செய்துவிடும், பலன் குறையும். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. எனக்கு முதல் வாரம் சாதாரண நாற்காலியிலிருந்து எழ வரவில்லை. இரண்டு போர்வைகளை மடித்துப் போட்டு உயரமாக்கி ஐந்து முறை எழுந்தேன். மூன்றாவது வாரம் ஒரு போர்வை, ஆறாவது வாரம் போர்வையே இல்லை. பிறகு வாசல் படியில் வலது காலை வைத்து உடம்பை மேலே தூக்கி, திரும்ப இறங்குவது. வாரத்துக்கு மூன்று நாள், ஒரு தடவைக்கு அரை மணி. எட்டு முறை நேரில் போனேன், ஒரு முறைக்கு 300 ரூபாய். மீதி எல்லாம் வீட்டில்தான். பணம் கொடுத்துப் போக முடியாதவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. வீட்டை விட்டு வரவே முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார்கள். கிராமத்துச் சுகாதாரச் செவிலியரிடம் கேட்டால் பெயர் எழுதிக்கொள்வார்.

முதல் இரண்டு வாரம் வலி கூடியது. இங்கேதான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், நானும் விட இருந்தேன். பிசியோ ஒரு கணக்குச் சொன்னார். வலிக்கு 0-இலிருந்து 10 வரை மார்க் போடுங்கள். பயிற்சியின்போது 5 வரை போனால் பயப்பட வேண்டாம். அடுத்த நாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லையென்றால் பயிற்சி தவறு என்று பொருளில்லை, அளவு அதிகம். எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். டென்மார்க்கில் 2013-இல் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்காகத் தொடங்கிய பயிற்சித் திட்டத்திலும் இதே மாதிரி கணக்குதான் வைத்திருக்கிறார்கள் என்று பின்னால் படித்தேன். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், தொடக்கத்தில் வலி கூடலாம், விடாமல் செய்தால் நீண்ட நாளில் குறையும் என்பதை நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும் என்கிறது. எனக்கு அந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் எட்டு மாதம் போயிருக்காது.

மாற்றம் வந்த வரிசை இது: ஆறாவது வாரம், ராத்திரி புரண்டு படுக்கும்போது விழிப்பு வரவில்லை. பத்தாவது வாரம், வலது செருப்பின் வாரை மாட்ட முடிந்தது. மூன்று மாதம் தாண்டி ஒரு திங்கட்கிழமை, யார் கையும் படாமல் கோரிமேட்டில் பஸ் ஏறினேன்.

அந்தப் படிக்கும் ஒரு முறை இருக்கிறது. ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். ஏற்றத்தில் உடம்பைத் தூக்குவது முதலில் வைக்கிற கால், இறக்கத்தில் உடம்பைத் தாங்கி இறக்குவது மேலே நிற்கிற கால். இரண்டு வேலையும் நல்ல காலுக்குப் போகட்டும். வாரக்கணக்கில் பழகினால்தான் இது தானாக வரும். உட்கார்வதிலும் ஒரு சூட்சுமம் கண்டுபிடித்தேன். எனக்கு வலி வலது பக்கம். பெண்கள் பக்கத்து இரட்டை இருக்கையில் நடைபாதை ஓரமாக உட்கார்ந்தால் வலது காலை நடைபாதைப் பக்கம் கொஞ்சம் நீட்ட முடியும். சக்கரத்துக்கு மேல் இருக்கும் சீட் மட்டும் வேண்டாம். அங்கே தரை மேடாக இருப்பதால் முட்டி வயிற்றை நோக்கி ஏறிவிடும், ஒரு மணி நேரம் அப்படி மடங்கியிருந்தால் இறங்கும்போது கால் பூட்டிக்கொள்ளும். வீட்டு நாற்காலிக்கும் அதே கணக்கு. உட்காரும்போது முட்டியைவிட இடுப்பு கொஞ்சம் உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்வான சோபாவைக் கொடுத்துவிட்டோம்.

கைத்தடிக்கு நான் சம்மதிக்க ஒரு வருடம் ஆனது. 47 வயதில் தடியோடு வகுப்புக்குப் போவதா என்று இருந்தது. ஏற்காட்டில் மழைக்கும் பனிக்கும் எல்லோர் கையிலும் குடை உண்டே என்று நீளக் குடையை ஊன்றிப் பார்த்தேன். அதன் உயரம் எனக்குச் சரியில்லை, கீழே இருக்கும் இரும்பு முனை ஈரத் தரையில் வழுக்கியது, ஒருநாள் பள்ளி வாசலில் விழப் பார்த்தேன். தடி என்றால் அடியில் ரப்பர் குமிழ் இருக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டின் மடிப்புக்கு நேராகப் பிடி வர வேண்டும். முக்கியமாக, வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். எல்லோரும் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள், நானும் அப்படித்தான் முதலில் பிடித்தேன். மேலே சொன்ன தராசை நினைத்துப் பாருங்கள்: இடது கையில் தடி ஊன்றினால் தொங்குகிற எடையை அது கொஞ்சம் தாங்கிக்கொள்கிறது, வலது பக்கத் தசை அவ்வளவு இழுக்க வேண்டியதில்லை. பை தூக்குவதற்கும் அதே தராசுதான், ஆனால் திசை மாறும். டிபன் பையை வலிக்கிற பக்கத்துக் கையிலேயே எடுங்கள். எதிர்ப்பக்கம் தூக்கினால் தசைக்கு வேலை கூடும். இது நம்பவே முடியாத மாதிரி இருக்கும். ஒரு வாரம் மாற்றி மாற்றித் தூக்கிப் பாருங்கள், கால் சொல்லும். இப்போது எனக்குத் தினசரி தடி தேவைப்படுவதில்லை. கூட்டமான இடம், மழை நாள், நீண்ட தூரம் என்றால் எடுத்துக்கொள்கிறேன்.

தரை நம் வாழ்க்கையில் எவ்வளவு இருக்கிறது என்பது மூட்டு மடங்காதபோதுதான் தெரிகிறது. அரிவாள்மனை, பூஜை, பந்தி, சாவு வீடு. ஒரு நெருங்கிய உறவினர் இறந்த வீட்டில் எல்லோரும் பாயில் உட்கார்ந்திருக்க, நாற்காலி கேட்கக் கூசி இரண்டு மணி நேரம் சுவரோரம் நின்றேன். நிற்பது நடப்பதைவிட மோசம். மூன்று நாள் வலித்தது. இப்போது கேட்டுவிடுகிறேன். வேறு யாராவது வயதானவர் நின்றால் அவருக்கும் சேர்த்துக் கேட்கிறேன்.

கழிப்பறை பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன். வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறை வைத்துவிட்டோம். பள்ளியில் குந்தி உட்காரும் கழிப்பறை மட்டும். உட்கார்ந்தால் எழ முடியாது என்று காலை 7 மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே விட்டேன். சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் படுத்தேன். எழுத்து மூலம் மூன்று முறை கேட்டும் இரண்டு வருடம் எதுவும் நடக்கவில்லை. கடைசியில் குழிக்கு மேல் வைத்துக்கொள்ளும் கமோடு நாற்காலி ஒன்றை நானே வாங்கிக்கொண்டு போய் வைத்தேன். மருந்துச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். முதல் நாளே செய்திருக்க வேண்டும். இன்று அதை வேறு இரண்டு ஆசிரியைகளும் பயன்படுத்துகிறார்கள். அவர்களும் என்னைப் போலவே வெளியில் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

கீழே உட்காரவே கூடாது என்ற கட்டளையையும் பிசியோ தளர்த்தினார். நீண்ட நேரம் சம்மணம் வேண்டாம், சரி. ஆனால் தரையிலிருந்து எழத் தெரியாமல் இருப்பது ஆபத்து, விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். முதலில் மண்டி போட்டு, நாற்காலியில் இரண்டு கையும் ஊன்றி, நல்ல காலை முன்னால் வைத்து எழப் பழக்கினார். மாதம் ஒருமுறை அதைச் செய்து பார்த்துக்கொள்கிறேன்.

நடைக்கு வருகிறேன். மூக்கனேரிக் கரைக்குத்தான் போவேன். 2010 வாக்கில் சேலத்து மக்கள் சேர்ந்து மீட்டெடுத்து, நடுவே மண்திட்டுகள் அமைத்து மரம் வைத்த கன்னங்குறிச்சி ஏரி அது. விடிகாலையில் நீர்க்காகமும் நாமக்கோழியும் இருக்கும், சேர்வராயன் மலை முழுசாகத் தெரியும். ஆரம்பத்தில் போக 7 நிமிடம், வர 7 நிமிடம். முதல் நாள் உற்சாகத்தில் 20 நிமிடம் நேராகப் போய்விட்டேன், திரும்பவும் அதே தூரம் இருக்கிறது என்பதை வலி வந்த பிறகுதான் நினைத்தேன். நடக்க ஆரம்பிப்பவர்கள் நேர்கோட்டில் போகாதீர்கள். பாதியில் விட்டால் உட்காரவோ வீடு திரும்பவோ முடிகிற வட்டமாகப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டினேன். ஒரே மூச்சில் நடப்பதைவிடக் காலை 15, மாலை 15 என்று பிரித்தது எனக்கு நன்றாக உதவியது.

2023 நவம்பரில் தமிழக அரசு எல்லா மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்து நடப்போம் நலம் பெறுவோம் என்று தொடங்கியபோது, நானும் ஆசையில் ஒரு ஞாயிறு முழு 8 கிலோமீட்டரும் நடந்தேன். அப்போது என் வழக்கம் 3 கிலோமீட்டர். நான்கு நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருந்தது. நல்ல நாளில் அள்ளிச் செய்வது, அதன் பிறகு படுத்துவிடுவது, இந்த இரண்டும் மாறி மாறி வந்தால் கால் முன்னேறவே முன்னேறாது. வலி இல்லாத நாளிலும் கணக்குப்படிதான் நடக்க வேண்டும். எனக்கு இன்றும் கஷ்டமான பாடம் அதுதான்.

மலையில் ஏற்றத்தைவிட இறக்கம்தான் சோதனை. கிளியூர் அருவிக்குப் படி இறங்குவதை விட்டுவிட்டேன். இறங்கிவிடலாம், செங்குத்தான அத்தனை படி திரும்ப ஏற வேண்டும். ஏற்காடு ஏரியைச் சுற்றி நடப்பேன். பகோடா முனைக்கு வண்டியில் போய், அங்கே சமதளத்தில் நடப்பேன். பனிக்காலத்தில் காலை இறுக்கம் கூடும். அதைக் கண்டு மூட்டு இன்னும் கெட்டுவிட்டது என்று முன்பு பயப்படுவேன். இப்போது கிளம்புவதற்கு முன் கட்டில் ஓரத்தைப் பிடித்து நின்று காலை முன்னும் பின்னும் இருபது முறை ஆட்டிவிட்டுப் போகிறேன்.

எடையைப் பற்றிச் சுருக்கமாக: 74-இலிருந்து 68-க்குத் திரும்பினேன், ஒன்றரை வருடத்தில். சாயங்காலம் பஸ் இறங்கியதும் தினமும் சாப்பிட்ட தட்டுவடை செட்டைச் சனிக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன், ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கினேன். 6 கிலோ என்றால் ஒவ்வொரு எட்டிலும் மூட்டுக்கு 12 கிலோவுக்கு மேல் குறைவு.

மாத்திரை விஷயத்தில் நான் செலவழித்த பணம் எனக்கு வருத்தம் தருகிறது. ஆறு மாதம் குளுக்கோசமைன் சாப்பிட்டேன், ஒரு மாற்றமும் இல்லை. அமெரிக்க மூட்டு நோய் மருத்துவர்களின் 2019 வழிகாட்டுதல் அதை இடுப்பு மூட்டுக்கு வேண்டாம் என்றே அழுத்தமாகச் சொல்கிறது. முழங்காலுக்கு உதவும் வலி களிம்புகள் இடுப்பு மூட்டின் ஆழத்துக்குப் போய்ச் சேர்வது கடினம். வலி மாத்திரையை டாக்டர் சொன்னபடி, கல்யாணம், பயணம் போன்ற நாட்களுக்கு மட்டும், சாப்பிட்ட பிறகு எடுக்கிறேன். தானாகக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கேடும் வரும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எண்ணெய் தேய்த்தால் சுகமாக இருக்கும், தேயுங்கள். காலை இழுத்து முறித்துச் சரிசெய்கிறேன் என்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

எல்லா இடுப்பு மூட்டு வலியும் தேய்மானம் அல்ல. நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள், மதுப் பழக்கம் உள்ளவர்கள், முப்பது நாற்பதுகளில் திடீரென்று வலி தொடங்கியவர்கள், தொடை எலும்புத் தலைக்கு ரத்த ஓட்டம் நின்றுபோகும் நோயாக இருக்கலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அது ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ. வேண்டும். காய்ச்சலோடு வலி, விழுந்த பிறகு ஊன்ற முடியாத வலி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் இறுக்கம், காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியை ஆரம்பிக்காமல் முதலில் மருத்துவரிடம் போங்கள்.

அறுவை சிகிச்சை பற்றி முன்பு எனக்கு இருந்த பயம் இப்போது இல்லை. 1962-இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற மருத்துவர் உலோகத் தலையும் பிளாஸ்டிக் கிண்ணமும் வைத்துச் செய்து காட்டிய முறைதான் இன்றைய செயற்கை இடுப்பு மூட்டுக்கு அடித்தளம். ஆஸ்திரேலியா, பின்லாந்து நாட்டுப் பதிவேடுகளைத் தொகுத்து 2019-இல் வந்த ஓர் ஆய்வு, 100-இல் 58 செயற்கை இடுப்பு மூட்டுகள் 25 வருடம் உழைக்கின்றன என்றது. ராத்திரித் தூக்கம் போய், நாலு எட்டு வைக்க முடியாமல் ஆனவர்கள், பயிற்சியிலேயே சமாளிப்பேன் என்று பிடிவாதமாக வருடங்களைக் கழிக்க வேண்டாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் எந்த மருத்துவமனையில் செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். செய்துகொள்வதாக இருந்தாலும் அதற்கு முன்பு தசையைப் பலமாக்கி வைத்திருப்பது வீண் போகாது.

என் போன வருடத்து எக்ஸ்ரேயில் இடைவெளி 2018-ஐவிடக் குறைந்திருக்கிறது, ஓரத்தில் எலும்பு முளைத்திருக்கிறது. அன்று எட்டு மாதம் என்னை உட்காரவைத்த படத்தைவிட மோசமான படம். அதை வாங்கிக்கொண்டு அன்றைக்கே ஏற்காடு பஸ் ஏறி மதிய வகுப்புக்குப் போனேன். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கும் போனோம். குகைக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும்; இடுப்பை அதிகம் மடக்காமல், தடியை இடது கையில் ஊன்றி, முட்டிகளை மடக்கித் தலையைத் தாழ்த்தி உள்ளே போனேன். வெளியே வர இரண்டு பேர் கைகொடுத்தார்கள். அடுத்த எக்ஸ்ரே ஜனவரியில். அதுவரை செவ்வாய், வியாழன், ஞாயிறு கட்டில் பயிற்சி, மற்ற நாள் மூக்கனேரி.